தோய்க்காத சீலை

கல்லடி
03.09.2023

அன்புள்ள புஸ்பம் அக்காவுக்கு,

உன் தம்பி வினாயகமூர்த்தி எழுதுகிறேன். நானும் என் தொந்தியும் சுகம். இடது முழங்கால் மட்டும் மழை வரப்போவதை வானொலிக்கு முன்பே அறிவித்துக்கொண்டிருக்கிறது. நீயும் உன் மாட்டுப்பட்டியும் வெல்லாவெளியில் குறையில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன் இருக்கக் கடிதம் ஏன் என்று யோசிப்பாய். இந்த வீட்டில் போன் அடித்தால் தவமணிதான் எடுப்பாள். என் போனும் அவள் கைப்பையில்தான் குடியிருக்கிறது. ஐந்து வருசமாக உன் குரலைக் கேட்டதும் "ஆள் இல்ல" என்று வைத்துவிடுகிறாள். அந்த ஆள் பக்கத்தில் இருந்து பிளேன்ரீ குடித்துக்கொண்டிருப்பேன். பென்சன் எடுத்த கிளாக்கருக்கு, அதுவும் மனிசியின் சீதன வீட்டில் இருக்கிறவனுக்கு, ஆள் என்ற பதவியும் போய்விட்டது.

விசயத்துக்கு வருகிறேன். மகள் உசாந்திக்குத் தை மாதம் பிள்ளை கிடைக்கும். மார்கழியில் கொழும்பிலிருந்து இங்கே வந்துவிடுவாள். "என்ட பிள்ளைக்குப் பால்மா கரைச்சுக் குடுக்க மாட்டன். ஒரு மாடு பாருங்க" என்று தவமணி சொல்லிவிட்டாள். நீ சிரிக்கிற சத்தம் வாவியைத் தாண்டி இங்கே கேட்கிறது அக்கா. உன் மகன் கோகுலராஜுக்கு உசாந்தியைக் கேட்டு நீ வந்த அன்று, "சாணி மணக்கிற வீட்டுக்கு என்ட பிள்ளைய அனுப்ப மாட்டன்" என்று சொன்ன அதே வாய்தான். உன் மகன் கதிரவெளிக்குப் படிப்பிக்கப் போன இடத்தில் தானே ஒருத்தியைப் பார்த்துக்கொண்டான். என் மகளும் விரும்பினவனைக் கலியாணம் முடித்தாள். பிள்ளைகள் இரண்டும் சந்தோசமாகக் குடும்பம் நடத்துகிறார்கள். உங்கள் இரண்டு பேருடைய சண்டைதான் இன்னும் கலியாணமாகாமல் வீட்டோடு இருக்கிறது.

போன கிழமை ஓட்டமாவடிக்குப் போய் மாட்டு வியாபாரி இஷாமைப் பிடித்தேன். கறுப்பும் வெள்ளையுமாக ஒரு மாடு நின்றது. என் தோளுக்கு மேல் உயரம். முகம் எனக்குப் பிடித்துவிட்டது. இஷாம் எங்கள் வளவின் அளவைக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "சேர், இத அங்க கட்டினா மாடு வளவுக்குள்ள நிக்கும், நீங்களும் மேடமும் றோட்டுல நிக்கோணும். குட்டை மாடொண்டு பாருங்க. படுவான்கரைப் பக்கம் உங்களுக்குச் சொந்தக்காரர் ஆரும் இல்லியா?"

நீ அங்கே பட்டியே வைத்திருப்பதைச் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நேற்று உசாந்தி போனில், "அப்பா, பிள்ளை கிடைச்சா புஸ்பம் மாமி பாக்க வருவாவா?" என்று கேட்டாள். "சிக்னல் இல்ல மகள்" என்று வெட்டிவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. அவளுக்கு நான் என்ன சொல்ல? அதையும், மாடு பார்க்கிற விதத்தையும் எழுது.

முழங்காலோடு,
வினாயகமூர்த்தி


வெல்லாவெளி
14.09.2023

தம்பிக்கு,

நான் இருக்கிறேன். பட்டியும் இருக்கிறது. முழங்காலுக்கு நொச்சியிலை அவித்து ஒத்தடம் கொடு. தொந்திக்குச் சோற்றைக் குறை.

முகத்தைப் பார்த்து மாடு எடுக்கிறவனை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். மாட்டுக்குப் பின்னால் போய் நில். மடியில் கையை வை. காலைத் தூக்கினால் விட்டுவிடு. முதல் ஈத்து மாடு வேண்டாம், அதற்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. பால் குடிக்கிற கண்டு பக்கத்தில் நிற்கவேண்டும். நாலு காம்பிலும் பால் வருகிறதா என்று நீயே பீச்சிப் பார். கறந்த பிறகு மடி வற்றிச் சுருங்கவேண்டும். சுருங்காவிட்டால் அது பால் இல்லை, சதை. உங்கள் வளவுக்கு இடுப்பளவு உயரம் போதும். குட்டை மாடு கொஞ்சம் தின்னும், கொஞ்சம் தரும், நோய் நொடியில் விழாது. ஒரு வீட்டுக்கு அது காணும்.

ஓட்டமாவடிக்குப் போகாதே. இங்கே வா. கண்டோடு நிற்கிற மாடு மூன்று இருக்கிறது. ஒன்றைக் கொண்டு போ. யாருக்குப் பால் என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்ல வேண்டாம்.

உசாந்திக்குச் சொல்: மழை காலத்தில் எங்கள் பக்கம் பஸ் ஓடாது.

புஸ்பம்


கல்லடி
02.10.2023

அன்புள்ள அக்காவுக்கு,

ஒத்தடம் பலித்தது. ஆனால் நன்றி சொல்ல எழுதவில்லை, முறைப்பாடு சொல்ல எழுதுகிறேன். முதலில் நீ கேட்காத சுகம்: இங்கே எல்லாரும் சுகம்.

உன் பட்டியில் நான் மாடு தெரிவு செய்த அழகை நீயே பார்த்தாய். முதலாவது மாடு உதைத்தது. இரண்டாவது என் முன்னாள் மேலதிகாரியைப் போலப் பார்த்தது, அதற்குப் பின்னால் போகவே துணிச்சல் வரவில்லை. மூன்றாவதாக நின்றது கறுவா. பெயருக்கேற்ற கறுவாப்பட்டை நிறம். மடியில் கை வைத்தேன். திரும்பி என்னை ஒருதரம் பார்த்தது. பெரிதாக ஒன்றும் இல்லை என்று முடிவெடுத்து மறுபடி அசை போட்டது. அப்படி என்னைப் பார்க்கிற பெண்களோடுதான் நான் வாழ்ந்து பழகியவன். எடுத்துக்கொண்டேன்.

லாண்ட்மாஸ்டர் உழவு மிசின் பெட்டியில் ஏற்றும்வரை நீ அதன் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றாய். "எல்லாரும் சுகமா?" என்று நீ கேட்டதும் மாட்டைப் பார்த்துத்தான். அது வாய் திறக்காததால் நான் பதில் சொல்ல வேண்டி வந்தது.

தவமணியிடம் மாடு இஷாமிடம் எடுத்தது என்று சொன்னேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பொய். ஆனால் கறுவாவின் வலது தொடையில் நம் அம்மாவழிக் குடும்பத்தின் குடிக்குறி, பிறையும் கீழே ஒரு கோடும், உள்ளங்கை அகலத்துக்குச் சுட்டுக் கிடப்பதை மறந்துவிட்டேன். நம் ஊரில் எந்த மாடும் எந்தக் குடியின் சொத்து என்பதைத் தொடையில் எழுதிக்கொண்டுதானே நடக்கிறது! களவாகக் கொண்டுவந்த பொருளில் முகவரியையும் எழுதிக் கொண்டுவந்தவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

தவமணி குறியை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "இஷாம் எப்ப உங்கட குடிக்கு மாறினவன்?"

நான் கண்டுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டேன்.

திருப்பி அனுப்புவாள் என்றுதான் நினைத்தேன். அனுப்பவில்லை. தானே கயிற்றைப் பிடித்து, வலப்பக்கம் மதிலைப் பார்க்க இழுத்துக் கட்டினாள். "பால் தந்தா நிக்கட்டும். குறி மட்டும் றோட்டுக்குத் தெரியப்படாது."

இனி முறைப்பாடு. பால் இல்லை. நான் இருந்து பீச்சினால் சட்டைக் கைக்குள் நாலு துளி போகிறது. நான் எழும்பியதும் கண்டு போய் முட்டுகிறது, வாயெல்லாம் நுரை! உன் மாடு பாலை எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறது. எங்கே என்று எழுதவும்.

கறக்கத் தெரியாத
வினாயகமூர்த்தி


வெல்லாவெளி
11.10.2023

தம்பிக்கு,

எனக்குச் சுகம். உன் சட்டைக் கையைவிடச் சுகம்.

கண்டை முதலில் விடு. அது முட்டினால்தான் பால் இறங்கும். இறங்கியதும் கண்டைப் பிடித்துக் கட்டிவிட்டு, இளஞ்சூட்டுத் தண்ணீரால் மடியைக் கழுவு. விரலில் எண்ணெய் தடவு. காம்பை இழுக்காதே, மேலே அடைத்துப் பிடித்துக் கீழே அமுக்கு. வாயை மூடிக்கொண்டு கறக்காதே, ஏதாவது கதை சொல். உனக்கு அது ஒன்றும் பாரமான வேலை இல்லை.

ஆனால் இதெல்லாம் செய்தும் வராது. கறுவா வலப்பக்கம் இருந்து கறந்து பழகிய மாடு. வலப்பக்கத்தை மதிலுக்குக் கட்டினால் நீ இடப்பக்கம் இருக்கிறாய். அதற்கு நீ கள்ளன். மாட்டைத் திருப்பிக் கட்டு.

திருப்ப அந்த வீட்டில் விடமாட்டார்கள் என்றால் அதை எனக்கு எழுதாதே. அது என் வேலை இல்லை.

புஸ்பம்


கல்லடி
29.10.2023

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. நீ சுகமாக இரு, அந்தளவாவது மிஞ்சட்டும்.

"மாட்டைத் திருப்பிக் கட்டுவோமா?" என்று தவமணியிடம் கேட்டேன்.

"திருப்பினீங்களெண்டா நான் அம்மாட வீட்ட போயிருவன்."

"இதுதானே புள்ள உன்ட அம்மாட வீடு?"

ஒரு நிமிசம் யோசித்தாள். "அப்ப நீங்க போங்க."

ஆகவே மாட்டைத் திருப்பாமல் என்னைத் திருப்பிப் பார்த்தேன். மதிலுக்கும் கறுவாவுக்கும் நடுவில் இருக்கிற சந்துக்குள் வாளியோடு நுழைந்தேன். வலப்பக்கம்தானே வேண்டும்? தொந்தி முதலில் போய்விட்டது, மற்றது வரவில்லை. கறுவா அந்த நேரம் பார்த்துச் சற்றுச் சாய்ந்து நின்றது. மதிலில் என் அச்சு விழுந்திருக்கும். தவமணி வந்து மாட்டின் முகத்தைத் தட்டி விலக்கினாள். சிரிக்கவில்லை. குசினிக்குள் போனபிறகு சட்டி பானை எல்லாம் ஒரு மாதிரிக் குலுங்கிக் கேட்டது.

அது நேற்று. இன்று சிரிப்பு இல்லை. "கார்த்திகை முடியிறத்துக்குள்ள பால் வராட்டி இஷாமுக்குக் குடுத்திருவன்" என்று சொல்லிவிட்டாள். சொன்னால் செய்வாள், உனக்குத் தெரியும்.

அக்கா, பால் போனால் கடையில் வாங்கலாம். இந்த மாடும் போனால் உன் வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் நடுவில் இருக்கிற ஒரேயொரு கயிறும் போய்விடும். உசாந்தியின் பிள்ளையை நீ படத்தில்தான் பார்ப்பாய். ஏதாவது வழி சொல்.

தட்டையாகிப் போன
வினாயகமூர்த்தி


வெல்லாவெளி
06.11.2023

தம்பிக்கு,

மழை தொடங்கிவிட்டது. எனக்குத் தடிமல், மூக்கு ஒழுகுகிறது, வேறொன்றும் இல்லை.

இந்தக் கடிதம் பஸ் கொண்டக்டரிடம் ஒரு பார்சலோடு வரும். உள்ளே இருப்பது நான் பால் கறக்கும்போது கட்டுகிற சீலை. கறுவா கண்டாக இருந்த நாளிலிருந்து இந்தச் சீலையைத்தான் மணந்து வளர்ந்தது. மாட்டுக்குக் கண்ணைவிட மூக்குத்தான் சாட்சி. இதைச் சாரனுக்கு மேலே சுற்றிக்கொண்டு இரு. எந்தப் பக்கம் இருந்தாலும் கொஞ்சமாவது விடும்.

தோய்க்காதே. தோய்த்தால் அது வெறும் துணி. சாணி மணக்கும். முதலே சொல்லிவிட்டேன், பிறகு யாரும் என்னைக் குறை சொல்ல வேண்டாம்.

இஷாமுக்குக் கொடுக்கிறதென்றால் முதல் எனக்குச் சொல். நானே வந்து கூட்டிக்கொண்டு போவேன். உள்ளே வரமாட்டேன், கடப்படியில் நிற்பேன்.

புஸ்பம்


கல்லடி
26.11.2023

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தடிமல் போயிருக்கும் என்று நினைக்கிறேன். என் மானம் போய்விட்டது. விபரமாக எழுதுகிறேன், இருந்துகொண்டு வாசி.

விடிய வெளிக்க முதல் எழும்பிச் சாரனுக்கு மேலே உன் சீலையைச் சுற்றினேன். முந்தானையைத் தலையில் போட்டேன். கண்ணாடி பார்க்கவில்லை, அந்தளவு துணிச்சல் எனக்கு இல்லை. கறுவா சீலையை மணந்தது. நிமிர்ந்து என் மீசையைப் பார்த்தது. மறுபடி சீலையை மணந்தது. அது பட்ட குழப்பத்தை என்னால் பார்க்க முடியவில்லை. கடைசியில் மூக்கின் பேச்சைக் கேட்டுக்கொண்டு ஒரு பெருமூச்சு விட்டு, பால் இறக்கியது! வாளியில் சத்தம் கேட்டது அக்கா. அரைக் கோப்பை இருக்கும். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கலங்கிய கண்ணோடு நிமிர்ந்தால், மதிலுக்கு மேலே பக்கத்து வீட்டு வீரகத்தி அண்ணனின் தலை. கடலுக்குப் போகிறவர், வலையும் தோளுமாக.

"ஆரது, புஸ்பமா? எப்ப புள்ள வந்தநீ?"

நான் என்ன செய்ய? வாயைத் திறந்தால் வினாயகமூர்த்தி. முந்தானையை இழுத்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினேன்.

"நல்ல வேலை செஞ்சாய் புள்ள! சண்டை புடிச்சு என்னத்தக் கண்டம்" என்று சந்தோசமாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர் கடலுக்குப் போகவில்லை அக்கா, எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாகப் போயிருக்கிறார். தேத்தண்ணி குடித்து முடிக்கவில்லை, ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். நாகரெத்தினம் பெரியம்மா பலகாரத்தோடு வந்தா. "மச்சாளும் மச்சாளும் ஒண்டாயிற்றயளாமே! எங்க அவ?" முன்வீட்டுக்காரி வந்தாள், கோயிலடி ஐயரின் மனிசி வந்தா. எல்லார் முகத்திலும் அப்படி ஒரு சந்தோசம். இவ்வளவு பேர் உங்கள் சண்டைக்காகக் கவலைப்பட்டுக்கொண்டு இருந்தார்கள் என்பது எங்களுக்கே தெரியாது.

தவமணி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். உன் சீலை இன்னும் என் தோளில் கிடந்தது. அவளுக்கு விளங்கிவிட்டது. மச்சாள் வரவில்லை என்றால் சீலை கட்டிக்கொண்டு இருந்தது யார் என்று சொல்ல வேண்டும். சொல்லலாமா?

"ஓம், வந்தா" என்றாள். "முதல் பஸ்ஸில போயிற்றா. பட்டியப் பாக்க ஆள் இல்லியாம்."

ஒவ்வொருவருக்கும் அதையே சொன்னாள். பின்னேரம் ஆகும்போது, நீ என்ன பலகாரம் தின்றாய் என்பதுவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லாரும் போனபிறகு திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

அடுத்த நாள் விடிய எழும்பிச் சீலையைத் தேடினால் காணவில்லை. வெளியே வந்து பார்த்தேன். தவமணி கட்டியிருந்தாள். உன் சீலையை அக்கா, தோய்க்காமல், ஒழுங்காக மடிப்பு வைத்துக் கட்டியிருந்தாள். கறுவாவின் கயிறு அவள் கையில் இருந்தது. மாட்டைத் திருப்பி, வலப்பக்கம் றோட்டைப் பார்க்கக் கட்டிவிட்டு, வலப்பக்கமாகவே இருந்தாள். பிறையும் கோடும் ஒழுங்கைக்கே தெரிகிறது.

"நீங்க இன்னொருக்கா இதக் கட்டினா நான் இந்த ஊருல இரிக்கேலா" என்று மட்டும் சொன்னாள். வாளி நிறைந்தது. நுரை விளிம்புக்கு மேலே நின்றது.

"அவவுக்கு எழுதப்படாது" என்று என்னிடம் சத்தியம் கேட்டாள். செய்தேன். அந்தச் சத்தியத்தின் மேல்தான் இந்தக் கடிதத்தை வைத்து எழுதுகிறேன்.

வேலை பறிபோன
வினாயகமூர்த்தி


கல்லடி
22.12.2023

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் இல்லை. தடிமல் கூடிவிட்டதா? அல்லது சீலை விசயத்தில் கோபமா? உசாந்தி வந்துவிட்டாள். வயிறும் தானுமாகக் கறுவாவுக்குப் பக்கத்தில் கதிரை போட்டுக்கொண்டு இருக்கிறாள். பால் குடிக்கிறாள். பால் பிடிக்காத பிள்ளை, உன் மாட்டுப் பாலைக் குடிக்கிறாள்.

இங்கே ஒருவர் ஒவ்வொரு நாளும் தபால்காரனைப் பார்த்துக் கடப்படியில் நிற்கிறா. கேட்டால் கரண்ட் பில்லாம். கரண்ட் பில் வந்து, கட்டியும் முடிந்தது. இன்னும் நிற்கிறா.

மழை விடுவதாக இல்லை. ஒரு வரி எழுது.

வினாயகமூர்த்தி


கல்லடி
08.01.2024

புஸ்பம் மச்சாளுக்கு,

தவமணி எழுதுகிறேன். நிவாரணச் சாமான் ஏற்றி உங்கள் பக்கம் வருகிற உழவு மிசின்காரரிடம் இதைக் கொடுக்கிறேன். வெல்லாவெளி வயல் வட்டை முழுக்கத் தண்ணீர் என்று செய்தியில் காட்டினார்கள். உங்களுக்குப் போன் எடுத்தேன். போகவில்லை. பிறகும் எடுத்தேன். கோகுலராஜுக்கும் எடுத்தேன், அவனுக்கும் உங்கள் தொடர்பு இல்லை என்கிறான். எப்படி இருக்கிறீர்கள் என்று இந்த ஆளிடமாவது சொல்லி அனுப்புங்கள்.

உங்கள் தம்பி சாப்பிடுகிறார் இல்லை. பகிடியும் விடுகிறார் இல்லை. வீடு வீடு மாதிரி இல்லை.

மாட்டைப் பற்றி: கறுவா நன்றாகத் தின்கிறது. இடி இடித்தால் பாலைக் குறைக்கிறது, அது வழக்கமா? கண்டுக்கு எப்போது புல் பழக்குவது? எனக்குச் சொல்லித்தர ஆள் இல்லை.

சீலையை நான் தோய்க்கவில்லை. மழை ஈரத்தில் மணம் வீடு முழுக்க நிற்கிறது. நிற்கட்டும், யன்னலைத் திறக்க வேண்டாம் என்று உசாந்தியிடம் சொன்னேன்.

இன்னொன்று. நீங்கள் வந்து போனதாக இந்த ஊருக்கு நான் சொல்லிவிட்டேன். எல்லாரும் நம்பிவிட்டார்கள். அது பொய்யாகக் கிடக்கிறது, எனக்கு அது பாரமாக இருக்கிறது.

தவமணி


வெல்லாவெளி
17.01.2024

அன்புள்ள தவமணிக்கு,

மச்சாள் எழுதுகிறேன். உயிரோடுதான் இருக்கிறேன். உன் கடிதம் கொண்டுவந்த மிசின்காரன் என் வீட்டுப் படியில் மிசினை நிற்பாட்டிவிட்டு, "கல்லடியில ஒரு அக்கா, பதில் இல்லாம வந்தா வீட்டுப் பக்கம் வராத எண்டு சொல்லிற்றா" என்றான். சிரித்துவிட்டேன். வெள்ளத்துக்குப் பிறகு முதல் சிரிப்பு.

தண்ணீர் வளவுக்குள் வந்தது, வீட்டுக்குள் வரவில்லை. பட்டியை முதலே மேட்டுக்கு ஏற்றிவிட்டோம். ஒரு கண்டுகூடப் போகவில்லை. தம்பியைச் சாப்பிடச் சொல். அளவாக.

கார்த்திகையில் தம்பி எழுதின கடிதம் கிடைத்தது. மாட்டைத் திருப்பிக் கட்டினது யார் கை என்று வாசித்த பிறகு, பதில் எழுத இருந்தால் எழுத வரவில்லை. பேனையை எடுப்பேன், வைப்பேன். பிறகு வெள்ளம் வந்துவிட்டது, எனக்கு அது நல்ல சாட்டு.

இடிக்குப் பாலைக் குறைப்பது வழக்கம்தான். கழுத்தில் கை வைத்துக்கொண்டு நின்றால் போதும். கண்டுக்குப் புல் பழக்குவதை எழுதிக் காட்ட ஏலாது, கையால்தான் காட்ட வேண்டும்.

றோட்டு திறந்ததும் முதல் பஸ்ஸில் வருகிறேன். விடியக் காலமை வீரகத்தி அண்ணன் பார்க்கிற நேரத்துக்கு வந்துசேர ஏலாது. பட்டப்பகலில் வருவேன். எல்லாரும் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

உசாந்திக்குச் சொல், மாமி வருகிறா என்று.

உன் மச்சாள்
புஸ்பம்


கல்லடி
03.03.2024

அன்புள்ள அக்காவுக்கு,

பேத்தி சுகம். நேற்றுத் தலையைத் தூக்கப் பார்த்தது, முடியவில்லை. உடம்புவாசி என் பக்கம். நீ தூக்கி வைத்திருந்துவிட்டுப் போனதிலிருந்து வேறு யாரிடமும் அடங்குகிறதில்லை என்று உசாந்தி சொல்லச் சொன்னாள்.

போன் இருக்கக் கடிதம் ஏன் என்று மறுபடி யோசிப்பாய். காரணம் நீ. நீயும் தவமணியும் விடிந்தால் போன், பொழுதுபட்டால் போன். நான் பக்கத்தில் இருந்து கையைக் காட்டினாலும் "பொறுங்க, மச்சாளோட கதைக்கன்" என்கிறாள். முன்பு உன்னோடு பேசவிடாமல் போனை வைத்தாள். இப்போது உன்னோடு பேசி முடியாமல் போனை வைக்கிறாள் இல்லை. எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

நீ வந்த அன்றைய ஏமாற்றத்தையும் எழுதாமல் இருக்க முடியவில்லை. பஸ் வருகிற நேரம் பார்த்துத் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் மறைந்து நின்றேன். இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுவீர்கள், நானும் ஒதுங்கி நின்று ஒரு பாட்டம் அழலாம் என்று கைலேஞ்சியும் எடுத்து வைத்திருந்தேன். நடந்தது என்ன? "வாங்க மச்சாள்" என்றாள். நீ தலையை ஆட்டிவிட்டு நேரே மாட்டடிக்குப் போனாய். மடியில் கை வைத்துப் பார்த்தாய். "ஒட்டக் கறந்திரிக்காய். கை பழகிற்று" என்றாய். தவமணியின் முகத்தை நான் பார்த்தேன். கலியாண நாளில்கூட அந்த முகத்தை எனக்குக் காட்டியதில்லை. ஐந்து வருசச் சண்டை அவ்வளவுதானா? கைலேஞ்சியைச் சுத்தமாகவே மடித்து வைத்தேன்.

பிறகு நீ கொடியில் கிடந்த சீலையை எடுத்து மணந்து பார்த்தாய். "இதுல எங்க புள்ள என்ட மணம்? முழுக்க உன்ட மணம்தான். மாடு எப்பவோ உனக்கு மாறிற்று" என்றாய். அவள் சந்தேகமாகக் கேட்டாள்: "அப்ப தோய்க்கலாமா மச்சாள்?" நீங்கள் இரண்டு பேரும் கிணற்றடிக்குப் போனீர்கள். ஒரு சீலையைத் தோய்க்க இரண்டு பேர் எதற்கு என்று நான் கேட்டிருக்க வேண்டும். அங்கே இருந்து வந்த சிரிப்புச் சத்தத்தில் மதிலில் என் தொந்தி பட்ட கதையும் கேட்டதால் கேட்கவில்லை.

வீரகத்தி அண்ணன்தான் பாவம். உன்னைப் பகலில் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தம்பி, அண்டைக்கு விடியப்புறம் பாத்த புஸ்பம் இதவிட நல்ல தடிப்பமா இரிந்தாவே?" வெள்ளத்தில் மெலிந்துவிட்டா என்று சொல்லியிருக்கிறேன். கேட்டால் நீயும் அதையே சொல்.

இனி இந்தக் கடிதத்தின் உண்மையான காரணம். இதை நீ ஒருத்திதான் அறிய வேண்டும்.

இன்று காலையில் நீயும் தவமணியும் போனில் இருந்தீர்கள். கோகுலராஜின் மாமியார் வீட்டு விசேசம் பற்றிய கதை, இப்போதைக்கு முடியாது என்று விளங்கியது. கறுவா கத்தியது. மறுபடி கத்தியது. யாரும் வரவில்லை. நான் வாளியை எடுத்தேன். சீலை இல்லை, முந்தானை இல்லை. என் சொந்தச் சாரன், என் சொந்த மீசை. கண்டை விட்டேன், கட்டினேன், மடியைக் கழுவினேன். வலப்பக்கம் இருந்தேன். குறி என் கண்ணுக்கு நேரே. றோட்டால் போகிறவர்கள் எல்லாம் அதையும் என்னையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டு போனார்கள். நீ சொன்னபடி கதை சொன்னேன். உங்கள் சண்டைக் கதையைத் தொடக்கத்திலிருந்து சொன்னேன்.

கறுவா திரும்பி என்னை ஒருதரம் பார்த்தது. பெரிதாக ஒன்றும் இல்லை என்று முடிவெடுத்தது. பால் இறக்கியது.

ஒரு பெரிய கோப்பை நிறைய. அந்த இடத்திலேயே நின்று சூட்டோடு குடித்துவிட்டு, வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். தவமணி போனை வைத்துவிட்டு வந்து கறந்தாள். "இண்டைக்கு என்ன, பால் குறைஞ்சு கிடக்கு?" என்று கேட்டாள். இடி இடித்திருக்கும் என்றேன். வானம் வெளித்துக் கிடந்தது.

அவளிடம் சொல்லிவிடாதே அக்கா. எனக்குக் கறக்கத் தெரியும் என்று தெரிந்தால் நாளை விடியத் தொடக்கம் நான்தான்.

மீசையில் நுரையோடு,
உன் தம்பி
வினாயகமூர்த்தி